அதே குருவி, பெயர் மட்டும் ஏன் மாறியது? தகைவிலான் பட்டியல் மாற்றமும் திருப்பூர் வானமும்

திருப்பூர் வட்டாரத்தில் பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இ-பேர்டு ஆப்பைத் திறந்து பழைய பதிவுகளைத் தேடினால் ஒரு சின்ன குழப்பம் வரும். பல வருஷமாக ‘ரெட்-ரம்ப்டு ஸ்வாலோ’ என்று பதிவு செய்த பறவை அந்தப் பெயரில் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக ‘ஈஸ்டர்ன் ரெட்-ரம்ப்டு ஸ்வாலோ’ என்று ஒரு பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழில் நாம் செம்பிட்டத் தகைவிலான் என்று சொல்லும் அதே பறவைதான். இனி அதற்கு முன்னால் ‘கிழக்கு’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். 2024, 2025-ல் உலகப் பறவைப் பட்டியல்களில் நடந்த பெரிய திருத்தத்தின் ஒரு பகுதி இது. நம் ஊர் உண்ணிக்கொக்குகூட இதே காலத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது.

‘குருவிக்குப் பேரு மாத்துனா நமக்கென்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நஞ்சராயன் குளத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததில் இருந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தப் பறவையைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்பது வரை பல முடிவுகள் இந்தப் பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன.

முதலில், எந்தக் குருவி இது?

சாயங்காலம் குளத்து மேலேயோ, வயலுக்கு மேலேயோ தாழப் பறந்து, சட்டென்று திரும்பி, மறுபடி வீசி வரும் சின்னப் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். பறந்தபடியே பூச்சி பிடிக்கும். தகைவு என்றால் தடை, நிற்றல். தகைவு இலான் என்று பிரித்துப் படித்தால் பெயரிலேயே அதன் பறத்தல் இருக்கிறது.

இதில் பலரும் உழவாரக் குருவியோடு குழப்பிக்கொள்வார்கள். பழைய கட்டடங்களின் மூலையில் கூட்டமாகக் கூடு வைத்துக் கீச்சிடுவது பெரும்பாலும் உழவாரன்தான். வித்தியாசம் சுலபம். உழவாரனால் கம்பியில் உட்கார முடியாது, அதன் கால் சுவரைப் பற்றித் தொங்க மட்டுமே ஆனது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான்.

செம்பிட்டத் தகைவிலானை அடையாளம் காண மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதுகு பளபளக்கும் கருநீலம், ஆனால் வாலுக்கு மேலே பிட்டம் மட்டும் செங்கல் நிறம். கழுத்துக்குப் பின்னால் அதே நிறத்தில் ஒரு பட்டை. வாலின் அடிப்பக்கம், யாரோ மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி, சட்டென்று கறுப்பு. வால் நீளமாக இரண்டாகப் பிளந்திருக்கும். பாலத்துக்கு அடியில், மண்டபக் கூரையில், குடுவையைக் கவிழ்த்து ஒட்டியது போல மண்கூடு, அதற்கு ஒரு குழாய் வாசல் இருந்தால் அது இதனுடைய வேலை.

நம் ஊரில் வருஷம் முழுக்க இருக்கும் வகைக்கு எரித்ரோபைஜியா என்று பெயர். ‘சிவந்த பிட்டம்’ என்றே அர்த்தம். 1832-ல் தக்காணத்துப் பறவைகளை ஆராய்ந்த கர்னல் சைக்ஸ் வைத்த பெயர். அளவில் சிறியது, பிட்டத்தில் கோடு இல்லாமல் ஒரே நிறமாக இருக்கும், வயிற்றில் கோடுகள் மெல்லியவை. குளிர்காலத்தில் இமயமலை, வடக்கு ஆசியப் பக்கம் இருந்து இதே இனத்தின் வேறு வகைகள் தெற்கே இறங்கி வரும். அவை கொஞ்சம் பெரிசு, வயிற்றுக் கோடுகள் தடிமன், பிட்டத்திலும் கோடு தெரியும். டிசம்பரில் ஒரே கம்பியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஓர் இனம் மூன்றானது எப்படி?

இதுவரை ‘ரெட்-ரம்ப்டு ஸ்வாலோ’ என்றால் போர்ச்சுகல், ஸ்பெயின் தொடங்கி ஜப்பான் வரை, நடுவில் ஆப்பிரிக்காவையும் சேர்த்து, எல்லாமே ஒரே இனம். இப்போது அது மூன்று. தென் ஐரோப்பா, மேற்கு ஆசியாப் பக்கம் இருப்பது ஐரோப்பிய இனம். சஹாராவுக்குத் தெற்கே இருப்பது ஆப்பிரிக்க இனம். இந்தியாவில் இருந்து சைபீரியா, ஜப்பான் வரை இருப்பது கிழக்கு இனம்.

செக்ரோப்பிஸ் டாரிக்கா என்ற பழைய அறிவியல் பெயர் கிழக்கு இனத்திடமே தங்கிவிட்டது. காரணம், 1769-ல் எரிக் லாக்ஸ்மன் அந்தப் பெயரை வைத்தது ஆசியப் பறவையைப் பார்த்துத்தான். பெயர் எந்த மாதிரிக்கு முதலில் வைக்கப்பட்டதோ, அந்த மாதிரி இருக்கும் பக்கத்துக்கே அது சொந்தம். பங்கு பிரிக்கும்போது மூலப்பத்திரம் யாரிடம் போகிறது என்பது மாதிரி.

எல்லாம் பிரிவினை மட்டும் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் ‘ஸ்ட்ரையேட்டட் ஸ்வாலோ’ என்று தனி இனமாக இருந்ததை இதே திருத்தத்தில் கிழக்கு இனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் தையல் பிரிகிறது, இன்னொரு பக்கம் தைத்து மூடுகிறார்கள். ‘எண்ணிக்கையைக் கூட்டத்தான் பிரிக்கிறாங்க’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இதைத் திருப்பூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம் என்று நினைக்கிறேன். ஒரே நேவி ப்ளூ, மூன்று டையிங் லாட். மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஷேடு பேண்டுக்குள் இருந்தால் பாஸ், ஒரே கலர் என்றே கணக்கு. பேண்டை விட்டு வெளியே போனால் அது வேறு ஷேடு, அதே கார்ட்டனில் போட முடியாது. ஓர் இனத்துக்குள் இருக்கும் துணையினங்கள் லாட் வித்தியாசம் மாதிரி. தனி இனம் என்பது வேறு ஷேடு. சண்டை எப்போதும் பேண்டின் எல்லை எங்கே என்பதில்தான்.

இன்னொன்றும் பொருந்தும். பகல் வெளிச்சத்தில் இரண்டு துணியும் ஒன்றாகத் தெரியும். லைட் பாக்ஸில் வைத்து டிஎல்84 விளக்கைப் போட்டதும் ஒன்று பச்சையாக இழுக்கும், இன்னொன்று சிவப்பாக. மெட்டமெரிசம் என்று லேபில் சொல்வது. பறவைகளில் டி.என்.ஏ. ஒப்பீடு அந்த இரண்டாவது விளக்கு. நூறு வருஷமாக அருங்காட்சியகத் தோல்களை மேசையில் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் பார்த்து ‘ஒன்றுதான்’ என்று சொன்னவை, வேறு விளக்கில் வேறாகத் தெரிகின்றன. சில நேரம் நேர்மாறாகவும் நடக்கிறது.

டி.என்.ஏ. மட்டுமே முடிவு சொல்வதும் இல்லை. ‘பேர்ட்லைஃப்’ அமைப்பு பல வருஷமாகப் பயன்படுத்திய முறை ஒரு மதிப்பெண் முறை. நிறம், அளவு, குரல், வாழும் விதம் ஆகியவற்றில் வித்தியாசம் சிறியதா, நடுத்தரமா, பெரியதா, மிகப் பெரியதா என்று பார்த்து 1 முதல் 4 வரை மார்க். மொத்தம் 7 வந்தால் தனி இனம். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என்று டிஃபெக்ட் எண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. இங்கேயும் அதே பிரச்சினைதான்: கோடு 7-ல் ஏன், 6-ல் ஏன் இல்லை? யாரோ ஒருவர் எங்கேயாவது கோடு போட வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில்.

சிக்கல் என்னவென்றால் சமீபம் வரை கோடு போடுபவர்கள் ஒருவர் இல்லை. இ-பேர்டு ஒரு பட்டியல், பறவையியலாளர்களின் சர்வதேசப் பட்டியல் ஒன்று, பேர்ட்லைஃப் பட்டியல் ஒன்று. ஒரே பறவை ஒன்றில் இனம், இன்னொன்றில் துணையினம். 2025 ஜூனில் இவற்றை இணைத்து ‘அவிலிஸ்ட்’ என்ற பொதுப் பட்டியல் வெளியானது. அதன்படி உலகில் 11,131 பறவை இனங்கள். பயர் ஒருத்தர், பயிங் ஹவுஸ் ஒருத்தர், ஃபேக்டரி ஒருத்தர் என்று ஆளுக்கொரு ஷேடு கார்டை வைத்துக்கொண்டு பேசியவர்கள் ஒரே கார்டுக்கு வந்த மாதிரி.

மலைக்கு மேலே இன்னொரு கதை

திருப்பூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் உடுமலை, அமராவதி தாண்டினால் ஆனைமலை. அங்கே வால்பாறை, மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேறொரு தகைவிலான் இருக்கிறது. ‘ஹில் ஸ்வாலோ’, மலைத் தகைவிலான். ஊட்டியிலும் உண்டு. என் பார்வையில் செம்பிட்டத்தைவிட இதன் கதைதான் நமக்கு முக்கியம்.

1840-களில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக வேலை பார்த்த தாமஸ் ஜெர்டன், நீலகிரியில் இதைப் பார்த்து ‘டொமிக்கோலா’ என்று பெயரிட்டார். வீட்டில் குடியிருப்பது என்று பொருள். பொருத்தமான பெயர்தான், தோட்ட பங்களாத் தாழ்வாரம், பாலம், சுரங்கப் பாதை என்று மனிதன் கட்டிய இடத்தில் கிண்ணம் போல மண்கூடு வைக்கும்.

பிறகு வந்தவர்கள் இதைத் தனி இனமாக வைத்திருக்கவில்லை. தென்கிழக்கு ஆசியா முதல் பசிபிக் தீவுகள் வரை பரவிய ‘பசிபிக் ஸ்வாலோ’வின் ஒரு துணையினம் என்று சேர்த்துவிட்டார்கள். அந்தப் பறவையின் பெயர் தாஹித்திக்கா. தாஹித்தித் தீவை வைத்து வந்தது. யோசித்துப் பாருங்கள், வால்பாறை பஸ் ஸ்டாண்டு பக்கம் பறக்கும் குருவிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவின் பெயர்! பின்னாளில் வகைப்பாட்டாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்து, இது தனி இனம் என்று பிரித்தார்கள். ஜெர்டன் வைத்த பெயர் திரும்ப வந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பறவை இல்லை இது, புதிதாக ஒப்புக்கொள்ளப்பட்ட பறவை.

பார்த்தால் எப்படித் தெரியும்? குளிர்காலத்தில் சமவெளிக்கு வரும் சாதாரணத் தகைவிலானோடுதான் குழப்பம் வரும். இரண்டுக்கும் முகமும் தொண்டையும் செங்காவி. சாதாரணத் தகைவிலானுக்குத் தொண்டைக்குக் கீழே கருநீலத்தில் ஒரு பட்டை, முதிர்ந்த பறவைக்குக் கம்பி போல நீண்ட வால் இறகு. மலைத் தகைவிலானுக்கு அந்தப் பட்டை கிடையாது, சிவப்பு நேராக மங்கலான சாம்பல் நெஞ்சில் போய் முடியும், வால் குட்டை, பிளவும் ஆழமில்லை. மலையில் மே, ஜூனில் தகைவிலான் ஒன்று கூட்டுக்கு மண் சுமந்தால், அது சாதாரணத் தகைவிலானாக இருக்க வாய்ப்பில்லை. அது நமக்கு விருந்தாளி மட்டும், தமிழ்நாட்டில் கூடு வைப்பதில்லை.

மலைத் தகைவிலானின் மொத்த உலகமும் மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கை மலைகளும்தான். பசிபிக் இனத்தின் ஒரு கிளையாக இருந்தவரை, இங்கே அது குறைந்தாலும் கணக்கில் தெரிந்திருக்காது. ‘இந்தோனேசியாவில் ஏராளமாக இருக்கே’ என்று முடிந்திருக்கும். தனி இனமானதும் அந்தப் பதில் செல்லாது. சிவப்புப் பட்டியலில் இப்போதைக்கு அது ‘கவலை இல்லை’ என்ற வகையில்தான் இருக்கிறது, அழிவின் விளிம்பில் எல்லாம் இல்லை. ஆனால் கவலைப்பட வேண்டிய நாள் வந்தால் தெரிந்துகொள்ள ஒரு தனிக் கணக்கு இருக்கிறது.

கணவாயும் கடலும்

பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே கணவாய் மலைப் பறவைகளுக்கு ஒரு வேலி. 2017-ல் இந்திய ஆய்வாளர்கள் சோலைக்காட்டுப் பறவைகளின் மரபணுவை ஒப்பிட்டு, நீலகிரிப் பக்கம் இருக்கும் சோலைக்கிளியும் கணவாய்க்குத் தெற்கே இருப்பதும் வேறு வேறு இனங்கள் என்பதை உறுதிப்படுத்தி, அவற்றுக்கு ‘சோலிகோலா’ என்று புதிய பேரினமே உருவாக்கினார்கள். காட்டுக்குள் தத்தித் தத்தி வாழும் பறவை முப்பது, நாற்பது கிலோமீட்டர் சமவெளியைத் தாண்டிப் போகாது.

தகைவிலானுக்கு அது ஒரு தூரமே இல்லை. அதனால்தான் கணவாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே மலைத் தகைவிலான். கடலைத் தாண்டி இலங்கையிலும் அதுவேதான். ஆனால் செம்பிட்டத் தகைவிலான் விஷயத்தில் இந்தத் தர்க்கம் உடைகிறது! இலங்கையில் நிரந்தரமாக வாழும் செம்பிட்டம் வேறு இனம், ‘ஸ்ரீலங்கா ஸ்வாலோ’. வயிறு முழுக்க அடர்ந்த செங்காவி. நம் ஊர்ப் பறவையின் வெளிறிய, கோடு போட்ட வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். 1849-ல் எட்வர்ட் பிளைத் விவரித்தது, பிறகு துணையினமாகிப்போனது, 2005-ல் ராஸ்முசன், ஆண்டர்ட்டன் எழுதிய தெற்காசியப் பறவைகள் நூலில் தனி இனமாக நடத்தப்பட்டது. இன்று இலங்கையின் ஓரிட வாழ்வி.

பாக் நீரிணை ஒன்றுதான், பறக்கும் வலிமையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு தகைவிலானுக்கு அது எல்லையானது, இன்னொன்றுக்கு ஆகவில்லை. பறக்க முடிகிறதா என்பதைவிட, எங்கே ஜோடி சேர்ந்து கூடு வைக்கிறது என்பதே இனத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் இது.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும் அல்லவா? சாதாரணத் தகைவிலான். ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா என்று உலகம் முழுக்க இருக்கிறது. எகிப்தில் சிவந்த வயிறு, ஐரோப்பாவில் வெளிறிய வயிறு, சைபீரியாவின் ஒரு பகுதியில் மறுபடி சிவப்பு. இந்தச் சைபீரிய வகைக்குப் பெயர் வைத்ததும் நம் ஜெர்டன்தான், 1864-ல். வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் ஆசியாவில் இந்த வகைகள் சந்திக்கும் இடங்களில் ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கின்றன. அதனால் இதுவரை ஒரே இனம்.

சரி, திருப்பூருக்கு இதில் என்ன?

நஞ்சராயன் குளம் சுமார் 126 ஹெக்டேர். 2022-ல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலம். பின்னலாடை நகரத்தின் ஓரத்திலேயே இருக்கும் ஒரு ஏரிக்கு இந்த அங்கீகாரம் வந்ததற்கு, அங்கே எந்தெந்த இனங்கள் எப்போது வருகின்றன என்று வருஷக்கணக்காகக் குறித்து வைத்தவர்களின் பட்டியல்கள் ஒரு அடிப்படை. பட்டியலில் பெயர் தப்பாக இருந்தால் கணக்கும் தப்பாகும்.

பூச்சி உண்ணும் பறவைகள் பற்றிய கவலை நாடு முழுக்க இருக்கிறது. 2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை அலசியது. அதற்கான தரவு, சுமார் 30,000 பறவை பார்ப்பவர்கள் தந்த 3 கோடி பதிவுகள். பூச்சிகளை நம்பி வாழும் பறவைகள் வேகமாகக் குறைகின்றன என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று.

தகைவிலானுக்கு இரண்டு விஷயம் வேண்டும்: பறக்கும் பூச்சி, ஈர மண். நொய்யலின் கதை இந்த இரண்டிலும் வருகிறது. சாயக்கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவே வெளியே விடாத முறைக்கு மாறித்தான் மறுபடி திறந்ததும் இங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் ‘தண்ணி கெட்டா குருவி போயிரும்’ என்று ஒரே வரியில் சொல்லவும் முடியாது. சாக்கடை கலந்த நீரிலும் சில கொசுவினப் பூச்சிகள் பெருகும், அதை உண்ணத் தகைவிலான்கள் கூட்டமாக வரவும் செய்யும். குளத்துக்கு மேலே நூறு தகைவிலான் பறந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பார்க்க வேண்டியது கூடுகளை. கூடு வைக்க ஒவ்வொரு வாயாகச் சேறு எடுத்து வர வேண்டும். கரை முழுக்கக் கான்கிரீட் போட்டு நடைபாதை போட்டால் அந்தச் சேறு எங்கே கிடைக்கும்? குளத்தை ‘அழகுபடுத்தும்’ திட்டங்கள் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

அதேபோல பெயின்ட் அடிக்கும் நேரத்தில் கூரையில் இருக்கும் மண்கூட்டைத் தட்டிவிடுவது. குஞ்சு பறந்த பிறகு அடிக்கலாம், சில வாரம் தள்ளிப்போடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

உங்கள் பழைய பதிவுகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இ-பேர்டில் வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் அக்டோபரில், பெயர்த் திருத்தம் நடக்கும். நீங்கள் பதிவு செய்த இடத்தை வைத்து ஆப்பே பெயரை மாற்றிக்கொள்ளும். திருப்பூரில் பார்த்த செம்பிட்டம் எல்லாம் தானாகவே கிழக்கு இனமாகியிருக்கும். இரண்டு இனமும் வர வாய்ப்புள்ள பகுதிகளில்தான் சிக்கல், அங்கே ‘இதுவோ அதுவோ’ என்று பதிவாகும், போட்டோ இருந்தால் மட்டுமே பிரிக்க முடியும்.

நம் பக்கம் இன்னும் சரியாகப் பதிவாக வேண்டியது, குளிர்காலத்தில் உள்ளூர்ச் செம்பிட்டமும் வடக்கில் இருந்து வருவதும் எந்த அளவில் கலந்து இருக்கின்றன என்பது. 2015 முதல் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அதற்குத் தோதான நேரம். கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது பின்பக்கத்தில் இருந்து ஒரு படம், பக்கவாட்டில் வயிறு தெரிய ஒரு படம். ‘பிட்டத்தில் கோடு இல்லை’ அல்லது ‘கோடு இருக்கு’ என்று குறிப்பில் ஒரு வரி. பெயர் அடுத்த அக்டோபரில் மறுபடி மாறினாலும் அந்த ஒரு வரியும் இரண்டு படமும் செல்லும்.